களி கேட்டால் தயிர் வரும்

போன புதன்கிழமை ஆரையம்பதியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பனார் – குருக்கள்மடத்து வட்டை விதானையார். வயல் வட்டைக்குத் தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் அவர் சொல்லித்தான் நடக்கும். தண்ணீரே சொல்லுக் கேட்கிறது, மனிதர்கள் கேட்டால் என்ன என்பது அவருடைய எண்ணம். குரலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

கத்தரிக்காய்க் கறி இரண்டாம் முறை வந்து போனது. விதானையார் தலையை நிமிர்த்தி, பரிமாறுகிறவரைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"களி சனா."

பரிமாறியவர் ஆரையம்பதியில் பிறந்து ஆரையம்பதியிலேயே வளர்ந்தவர். வாளியும் கையுமாக விழித்தார். பந்தியில் களி ஏது? அந்தச் 'சனா' யாருடைய வீட்டுப் பிள்ளை?

எனக்குப் புரை ஏறியது. அந்த இரண்டு சொல்லுக்கும் உண்மையான பொருள் அந்தப் பந்தலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் – ஒருவன் நான், மற்றவர் பெண்ணின் தகப்பனார் – என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாயைத் திறப்பதாக இல்லை.

அப்போது மாப்பிள்ளை சிவலிங்கம் பந்தியை விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். நின்றுகூடப் பார்க்கவில்லை. போகிற போக்கில், "அப்பாட இலைக்குத் தயிர் வையுங்க" என்றார்.

தயிர் வந்தது. விதானையார் அதையும் ஒரு கை பார்த்தார். நான்தான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தேன். களி கேட்டவருக்குத் தயிர் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?

இதைச் சொல்வதென்றால் கென்யாவிலிருந்து தொடங்க வேண்டும். பயப்படாதீர்கள். அதிக தூரமில்லை.

உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு உதவியாக ஏதாவது எழுதுங்களேன் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஒரு முறை கேட்டிருந்தார். உல்லாசப் பயணம்! நம் வாசகருக்குக் கல்முனைக்குப் போகவே பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. விளைந்த நெல்லை அரசாங்கத்துக்கு அளந்து கொடுத்துவிட்டு, அரிசிக்குக் கூப்பனோடு வரிசையில் நிற்கிறார். அவர் எங்கே உல்லாசமாகப் போவது? வரிசையின் முன்பக்கத்துக்கா?

ஆனாலும் ஆசிரியர் சொல்லைத் தட்டலாமா? ஆகவே இந்த வாரம் கென்யா தேசத்துப் பதார்த்தங்கள்... பயணிகள் அவசியம் ருசிபார்க்க வேண்டியவை. கப்பல் டிக்கெட் தேவையில்லை. இந்தச் சண்டையின் புண்ணியத்தில் கென்யாவே நம்மைத் தேடி வந்துவிட்டது.

கிழக்கு ஆபிரிக்கப் பட்டாளம் ஒன்று நம் கரையோரத்தில், ஒரு தென்னந்தோப்பில் காம்ப் போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். எந்தத் தோப்பு என்று எழுதக்கூடாதாம், எதிரி படித்துவிடுவானாம். காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரிந்த இடம். யப்பான்காரனுக்கு மட்டும் தெரியாதபடி இந்தப் பத்தியை வைத்து நான் தேசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் வந்த புதிதில் நம் ஊர்கள் காட்டிய வீரத்தைச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டோம். ஆபிரிக்காக்காரன் ஆளைத் தின்பான் என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்ட இன்னொருவர் எப்படிச் சமைப்பான் என்றும் சொன்னார். அடைமழைக்குச் செட்டிபாளையத்துப் பக்கம் தெரு அறுத்துக்கொண்டு போனபோது, இந்த ஆளைத் தின்னுகிறவர்கள்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினார்கள். நாம் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கதவைத் திறந்தோம். அதன் பிறகு அவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரிப் பேசத் தொடங்கினோம்.

எல்லாம் தெரிந்தவர் என்றதும் கனகசபை ஞாபகம் வருகிறார். என் மனைவியின் தமையன். ஊரில் போய்க் கனகசபை வீடு எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மொம்பாசாக்காரர் வீடு என்றால் படலை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாலிபத்தில் கப்பலேறிப் போனவர், பல வருஷம் கழித்து ஒரு தொப்பியோடு திரும்பி வந்தார். கென்யாவில், மொம்பாசாத் துறைமுகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்தார் என்று பேச்சு. தொப்பியைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

காத்தான்குடித் தேநீர்க் கடை ஒன்றில் அவருக்கென்று உட்கார ஒரு வாங்கு உண்டு. கென்யாச் சாப்பாடு பற்றி அங்கே அவர் செய்யாத பிரசங்கமில்லை. காலையில் சிங்கத்து ஈரல் வறுவலாம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை முழம் போட்டு விற்பார்களாம். யானைப் பாலில் தேநீர் போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பை போதுமாம்... கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். தேநீர் இலவசமாக வந்தது. ஊர் கேட்டது, அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அவருடைய குற்றம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற காரியம், ஒரு பெண் இல்லாவிட்டால். கனகசபையின் மூத்த மகள் தங்கரத்தினம். இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டும் முறிந்துபோன பெண். அவள் எங்கள் வீட்டில் ஓடி விளையாடிய பிள்ளை, எனக்கு அவள்மேல் உயிர். விதானையார் மகன் சிவலிங்கத்தைப் பேசியபோது, "மாமி, இதுவும் இல்லாட்டி எனக்கு வேற ஒண்டும் பேச வேணாம்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். சிவலிங்கம் எருமைப் பட்டி வைத்திருக்கிறவர். வெள்ளாப்பில், கிழக்கு வெளுக்கும்போதே, சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டிக்கொண்டு தெருவால் போவார். ஆரையம்பதியில் தயிர் வாங்காத வீட்டு வாசலில்கூட அவருடைய சைக்கிள் மெதுவாகப் போகும் என்று என் மனைவி சொன்னாள். அந்த வீடு எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எந்தப் புண்ணியவானோ விதானையாரின் காதில் போட்டுவிட்டார்: கனகசபை மொம்பாசாவைக் கண்டதே இல்லை, இத்தனை வருஷமும் கொழும்பில் சாமான் கட்டுகிற குடவுனில் இருந்தவர் என்று.

விதானையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, ஏழையெண்டாலும் பரவாயில்ல. பொய் சொல்லுறவன்ட வீட்டில நான் சம்பந்தம் வைக்க மாட்டன். தெரு போட்டுத் தந்ததுக்குப் பட்டாளத்து ஆக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டில சாப்பாடு. உங்கட மச்சானும் வரட்டும். அவங்கட பாசையில பேசிக் காட்டட்டும். மறுகா கல்யாணத்தப் பேசுவம்."

இதைவிடச் சுத்தமான பரீட்சையை எந்தக் கல்லூரியும் வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டியில் குருக்கள்மடம் போகும்போது கனகசபை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், மொம்பாசாவக் கண்டதெண்டது மெய்தான்" என்றார்.

"சரி."

"கப்பலில இருந்து கண்டன்."

"இறங்கல்லையா?"

"எப்படி இறங்குறது? கப்பலில அம்மை. ஒருத்தரையும் இறங்க விடல்ல. தூரத்தில தென்னமரம் தெரிஞ்சிது. நம்மட கல்லடி மாதிரித்தான் கிடந்திச்சு. அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

"மற்ற வருசமெல்லாம்?"

"கொழும்பில குடவுன்" என்றார் கனகசபை. பிறகு மெல்ல, "தங்கரத்தினத்துக்குத் தெரியும் மச்சான். அவள் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே பாவமும் வந்தது. இரண்டையும் ஒரே வண்டியில் வைத்துக்கொண்டு போவது கஷ்டமான காரியம்.

விதானையார் வீட்டில் நாலைந்து பட்டாளத்துக்காரர் வந்திருந்தார்கள். இரண்டு பேரை நீங்கள் அறிந்துகொண்டால் போதும். ஒருவர் சார்ஜன் கமாவு – மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், என்னைவிட நல்ல இங்கிலீஷ் பேசுகிறவர். மலைநாட்டுக்காரர். அவருடைய ஆட்கள் மீனைத் தொடமாட்டார்களாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கொண்டுவந்து அவரைப் போட்ட மேலிடத்தின் புத்தியை என்னவென்பது! மற்றவர் ஒட்டியெனோ. பெரிய ஏரிக்கரையில் பிறந்தவர், நல்ல உயரம், மீன் என்றால் முள்ளையும் சேர்த்து விழுங்குகிறவர்.

விதானையார் வீட்டுச் சமையல் தெரியும்தானே. கொடுவா மீன் ஆணம், சிவப்பு நிறத்தில், பார்த்தாலே கண்ணைக் கரிக்கும். ஒட்டியெனோ பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நின்றார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"களி" என்றார். "களி சனா."

விதானையார் கனகசபையைத் திரும்பிப் பார்த்தார். வீடே திரும்பிப் பார்த்தது.

கனகசபை மெதுவாக எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். "களி கேக்கிறார்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "நல்ல களியா, கெதியாக் கொண்டு வரட்டாம். 'சனா' எண்டா தயவுசெய்து எண்டு கருத்து."

அடுப்படியில் ஒரு பெரிய சலசலப்பு. களிக்கு எங்கே போவது? நல்ல காலமோ கெட்ட காலமோ, அடுத்த வளவில் ஒரு பிள்ளை அந்த வாரம்தான் சாமத்தியப்பட்டிருந்தாள். அவளுக்கென்று கிண்டிய உளுத்தங்களி சட்டியோடு இருந்தது – சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் போட்டு, மேலே நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. இடுப்புக்குப் பெலம் என்று பெரியபிள்ளையான பெண்ணுக்கு ஊட்டுகிற களி! அதைக் கொண்டுவந்து ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பட்டாளத்துக்காரரின் முன்னால் வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். "ஏன், சண்டைக்குப் போறவருக்கும் இடுப்புப் பெலம் வேணும்தானே" என்று, உதவிக்கு முன்னமே போயிருந்த என் மனைவி சொல்வது கேட்டது.

ஒட்டியெனோ ஒரு வாய் வைத்தார். இனிப்பும் எண்ணெயும் நாக்கில் பட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வழித்து முடித்தார். கனகசபையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

விதானையாரின் முகம் மலர்ந்தது. பார்த்தீர்களா, கேட்டதைக் கேட்டபடி விளங்கிக்கொண்டார்!

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது சார்ஜன் கமாவு என் பக்கத்தில் வந்து நின்றார். இங்கிலீஷில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, எங்கள் பட்டாளத்துப் பாஷையில் 'களி' என்றால் உறைப்பு. 'சனா' என்றால் மிகவும். அந்த மீன் அவனைக் கொன்றுவிட்டது." பிறகு கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாவியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கனகசபையிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "அப்ப ஒரு சொல்லு எனக்கு இப்பத் தெரியும்" என்றார்.

ஆனால் விதானையார் அவ்வளவு லேசில் விடுகிறவரா? வயலுக்குத் தண்ணீர் விட்டால் கடைசி வரம்பு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருகிறவர். "ஒரு சொல்லு தெரிஞ்சாப் பாசை தெரியுமெண்டு இல்லையே தம்பி. வாற ஞாயிறு காம்பில அவங்க நமக்குச் சாப்பாடு தாறாங்க. அங்க நாலு வார்த்தை பேசட்டும். அத்தோட முடிவு" என்றார்.

ஆக, அடுத்த ஞாயிறு காம்ப். இனிப் பயணிகளுக்கான பகுதி. பசியோடு இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

முதலில் உகாலி. சோளன் மாவைக் கொதிதண்ணீரில் கொட்டி, துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கிண்டு கிண்டென்று கிண்டுகிறார்கள். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கல்லுப்போல இறுகியதும் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒரு பிடி கிள்ளி, உருட்டி, பெருவிரலால் ஒரு குழி செய்து, அந்தக் குழியால் கறியை அள்ளிச் சாப்பிட வேண்டும். கரண்டியையே சாப்பிட்டுவிடுகிற கெட்டித்தனம்! அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற யாரும் இதை ஆதரிப்பார்கள்.

தொட்டுக்கொள்ளக் கீரை. அவர்கள் நாட்டுக் கீரை இங்கே இல்லை, நம்முடைய முளைக்கீரையைத்தான் வெங்காயத்தோடு வதக்கியிருந்தார்கள். அவர்கள் கீரையின் பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம். இறைச்சி வாங்க வழியில்லாத நாளில் இதைத் தின்று வாரத்தைத் தள்ளுவார்களாம். கூப்பன் வரிசையில் நிற்கிற எனக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோளன் மணியும் அவரையும் சேர்த்து அவித்தது ஒன்று – கித்தேரி. சார்ஜன் கமாவு அதைத் தானே எனக்குப் போட்டார். "எங்கள் மலையில் அவரை இன்னும் பெரிது" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்கள் மலையில் எல்லாமே இன்னும் பெரிது" என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

பிறகு தணலில் சுட்ட ஆட்டிறைச்சி. வெறும் உப்பு. விதானையார் ஒரு துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மசாலா எங்க?" என்றார். இல்லை என்றார்கள். "மறந்திட்டாங்களோ?" என்று என்னிடம் கேட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டே நாலு துண்டு சாப்பிட்டார்.

கடைசியில், சுரைக்குடுவைக்கு உள்ளே கரி தேய்த்து, அதில் உறையவிட்ட புளித்த பால். சாம்பல் நிறம், புகை மணம். பால் எல்லாம் சிவலிங்கத்தின் எருமைப் பட்டியிலிருந்து வருவதாம். காம்புக்குப் பாலும் தயிரும் கொடுக்கிறவர் அவர்தான். அன்றும் சட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, தகப்பனுக்கு முன்னால் வாயில்லாப் பூச்சியாக ஒரு தென்னையடியில் நின்றார். அவரை நான் கவனிக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் – நான் கவனிக்கவில்லை.

ஏனென்றால் நான் வேறு வேலையாக இருந்தேன். இறைச்சி வேகிற நேரத்தில் சார்ஜன் கமாவுவைத் தனியே கூட்டிக்கொண்டு போய், என் இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை, சார்ஜன். இன்று அவள் தகப்பன் வாய் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும், சார்ஜன். மூன்றாம் முறை அவள் தாங்கமாட்டாள், சார்ஜன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, இதற்கு முன் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்ற முகத்தோடு கேட்டார். "பெண்ணுக்கு எத்தனை ஆடு கொடுப்பார்கள்?" என்று விசாரித்தார். இங்கே ஆடு இல்லை, பெண்ணுக்குத்தான் வீடு வளவு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். "எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இல்லாத ஆட்டையெல்லாம் இருக்கிறதென்பார்கள். உங்கள் ஊரில் பெண் வீட்டார் போகாத ஊருக்கெல்லாம் போனோம் என்கிறார்கள். சரி, பார்ப்போம்" என்றார். என்ன ராஜதந்திரம் பண்ணிவிட்டேன் என்று எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் விதானையார் தொண்டையைச் செருமினார்.

"இப்ப பேசட்டும். மொம்பாசாவில எந்தத் தெருவில இருந்தவர், என்ன வேல பார்த்தவர், எல்லாத்தையும் அவங்களுக்கு அவங்கட பாசையில சொல்லட்டும்."

கனகசபை எழுந்தார். கப்பலில் சாமான் இறக்குகிறவர்கள் கீழே படகிலிருந்து கத்திய ஒரு சொல் மட்டும் இத்தனை வருஷமாக அவர் காதில் கிடந்திருக்கிறது. மெதுவாக, மெதுவாக என்று பொருள். அதை எடுத்தார்.

"போலே போலே" என்றார்.

எல்லோரும் காத்திருந்தோம்.

"போலே..." என்று கையைக் கடலின் பக்கம் நீட்டினார். "போலே போலே" என்று தொப்பியைத் தொட்டார். கொஞ்சம் சோகமாக ஒரு போலே. உத்தியோகத்தைக் காட்ட, நெஞ்சை நிமிர்த்தி ஒரு போலே. என் வாழ்க்கையில் கேட்ட பிரசங்கங்களில் இதைவிட மோசமானவை உண்டு, இதைவிட நீளமானவையும் உண்டு.

ஒட்டியெனோவின் தோள் குலுங்கத் தொடங்கியது. சார்ஜன் கமாவு அவரை ஒரு பார்வை பார்த்தார். தோள் நின்றது. பிறகு சார்ஜன் எழுந்து, கனகசபைக்கு ஒரு சல்யூட் வைத்து, இங்கிலீஷில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"இந்தப் பெரியவர் பேசுவது மொம்பாசாப் பழைய பட்டணத்துப் பாஷை. பெரிய குடும்பங்களில் மட்டும் பேசுவது. நாங்கள் மலைநாட்டிலும் ஏரிக்கரையிலும் பிறந்தவர்கள். பட்டாளத்தில் சேர்ந்துதான் நாலு சொல் படித்தோம். இவர் பேசுவது எங்களுக்கே முழுக்க விளங்கவில்லை."

பெரிய குடும்பங்கள் என்பது என் கைச்சரக்கு. மொழிபெயர்ப்பாளனுக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா?

விதானையார் நெடுமூச்சு விட்டார். "பட்டாளத்துக்கே விளங்காத பாசை பேசுறார்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. கனகசபை உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அந்த மகிழ்ச்சியில் விதானையாருக்கு உகாலி என்கிற அந்தக் களி இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அவருக்குத்தான் பாஷை தெரியுமே! "களி சனா" என்றார். உடனே ஒட்டியெனோ ஓடிப்போய்ப் புளித்த பால் கொண்டுவந்து கொடுத்தார் – பாவம், மனிதருக்கு எதுவோ உறைத்துவிட்டது என்று. விதானையார் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் சத்தமாக, "களி சனா" என்றார். இன்னொரு குவளை பால். மூன்றாம் முறை குடுவையையே கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார்கள்.

விதானையார் கனகசபையின் பக்கம் திரும்பினார். "களி கேட்டா ஏன் பால் தாறாங்க?"

கரைக்கு வந்த தோணி கவிழப்போகிறது.

கனகசபை தொப்பியைத் தலையில் வைத்தார். "அது அங்கத்தைய மரியாதை, சம்பந்தி. சாதாரண ஆளுக்குத்தான் களி. பெரிய மனுசன் கேட்டாப் பால்தான் குடுப்பாங்க."

சம்பந்தி! அந்த இடத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள்.

இப்போது பந்திக்கு வருகிறேன். அன்று மாப்பிள்ளை கை கழுவப் போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"சிவலிங்கம், அப்பா களி கேட்டார். நீங்க ஏன் தயிர் வைக்கச் சொன்னீங்க?"

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"உறைக்குதெண்டுதானே மாமா அதுக்குக் கருத்து. மழைக்கு முதல்ல இருந்து காம்புக்குத் தயிர் குடுக்கிறன். அவங்கட பாசையில பாதி எனக்குத் தெரியும்."

"அப்படியெண்டா கனகசபை..."

"அவர் மொம்பாசாவில இறங்கல்ல. தெரியும். தங்கரத்தினம் எப்பவோ சொல்லிட்டா."

"மறுகா அப்பாட்டச் சொல்லல்லையா?"

"அப்பா நல்ல மனுசன். அவருக்குப் பொய் சொன்னா ஒண்டும் இல்ல. பொய் எண்டு தெரிஞ்சாத்தான் பிடிக்காது."

பிறகு, என் பங்கையும் அவர் அறிந்துகொள்ளட்டும் என்று, "நல்ல காலம், அன்றைக்குச் சார்ஜனோடு நான் பேசி ஒரு வழி பண்ணினேன்" என்றேன். கொஞ்சம் அடக்கமாகத்தான் சொன்னேன்.

சிவலிங்கம் நிலத்தைப் பார்த்தார். நல்ல பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

"அது மாமா... சார்ஜனுக்கு நான் முந்தின நாளே சொல்லி வச்சிட்டன். என்ன பேச வேணும் எண்டதையும் சொல்லிட்டன். 'பத்திரிகையில எழுதுற ஒருத்தர் வந்து கெஞ்சுவார், குறுக்கிடாமக் கேளுங்க, சிரிச்சிராதீங்க' எண்டும் சொன்னன். அவர் சிரிக்கல்லத்தானே?"

மணவறைப் பக்கம் பார்த்தேன். தங்கரத்தினம் எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாலைக்கு உள்ளே தோள் மெல்லக் குலுங்கியது. அன்று காம்பில் ஒட்டியெனோவுக்குக் குலுங்கிய அதே குலுக்கம். அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். மனசு நிறைந்துதான் போனது, என் மானம் போனது வேறு கணக்கு.

இதையெல்லாம் இப்படி அச்சில் போட்டால் விதானையார் படிக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். என் பத்தியைத் தான் படிப்பதில்லை என்று அவர் என் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். நெடுநாளாக அது எனக்கு ஒரு மனக்குறை. இந்த வாரம் இல்லை.

பந்திக்குத் திரும்பி வந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என் இலைக்கும் தயிர் வைக்கச் சொன்னேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது.